முதல் சூடு

அந்த ஆய்வுக்கூடத்தில் அளவுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் உண்டு. வெள்ளோட்டம். எதையும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் செய்வார். மறுநாள் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் முந்தின நாளே ஸ்டேஷன் வரைக்கும் போய், எந்தப் படியில் ஏறினால் எந்த நடைமேடை வரும் என்று பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் எல்லா நாற்காலியிலும் தானே ஒரு முறை உட்கார்ந்து எழுந்திருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் மனசில் இருந்ததை மனைவியாகப் போகிறவளிடம் சொல்லப் போனபோதும், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனாராம். இதை அவர் மனைவியே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

"எனக்குச் சொன்னது ரெண்டாவது தடவை. முதல் தடவை கண்ணாடிதான் கேட்டுச்சு. குடுத்து வெச்ச கண்ணாடி!"

அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இதில் அவருக்கு வெட்கமே கிடையாது. முதல் தடவை எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், அதை யார் கண்ணிலும் படாமல் முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது அவர் கட்சி.

அவர் அளப்பது நாக்குகளை. அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். விரல் நகமளவு சில்லு ஒன்றில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு சிலிக்கான் தகடுகள் இருக்கும். தலைமுடியைவிட மெல்லியவை. ஒரு முனை மட்டும் பிடிபட்டிருக்க, மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் அதைவிட மெல்லிசாகத் தங்கப் பூச்சு. மின்சாரம் கொடுத்தால் நாக்கு குனிந்து கீழே இருக்கும் புள்ளியைத் தொடும், நிறுத்தினால் நிமிரும். இவ்வளவு பாடும் ஒரு சுவிட்சுக்காகத்தான்.

வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இந்தச் சில்லைத் தங்கள் மின்சுற்றுப் பலகையில் நல்ல சூடு காட்டி ஒட்டுவார்கள். சூட்டில் தங்கம் நிறைய விரியும், சிலிக்கான் கஞ்சத்தனமாக விரியும். இரண்டும் ஒட்டிக் கிடப்பதால் விலகவும் முடியாது. வேறு வழியில்லாமல் நாக்கு வளையும். சூட்டில் குனியும், ஆற ஆற நிமிரும். ஆறின பிறகு புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணுக்கே தெரியாத அளவு தலைதூக்கி நின்றால்கூட, தொட வேண்டியதைத் தொடாமல் போய்விடும். சுவிட்ச் குப்பைக்குத்தான்.

பழைய இடத்துக்கே வருகிறது என்று ஆறு வருஷமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் இவர்தான்.

தங்கம் பூசுகிற வேலை அவருடைய மச்சினனுடையது. மனைவியின் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை அக்காதான் வளர்த்தாள். படிக்க வைத்ததும் அவள்தான். இவர்கள் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருக்கிறான். சாயங்காலம் ஆனால் சாப்பிடக் கீழே இறங்கி வந்துவிடுவான். தேர்வு எழுதித்தான் வேலைக்கு வந்தான், ஆனாலும் 'மாமா சிபாரிசு' என்ற பேச்சு கூடத்தில் ஓயவே இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்தே இவர் அலுவலகத்தில் அவனிடம் விறைப்பாக இருப்பார். அவன் பூச்சை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "ஆபீஸ்ல சார்னு கூப்பிடு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவன் கேட்டால்தானே? நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, "மாமா, டீ குடிக்க வரீங்களா?" என்பான்.

வினை புது மெஷின் வடிவத்தில் வந்தது.

பழைய முறையில் சில்லைச் சின்ன அடுப்பில் வைத்துக் கையால் சூட்டை ஏற்றி, மேலே இருக்கும் கருவியில் கண்ணை வைத்து, நாக்கின் மேல் விழும் வெளிச்சக் கோடுகளை எண்ணி எண்ணி உயரம் கண்டுபிடிக்க வேண்டும். கழுத்து போய்விடும். புது மெஷின் எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறது. சில்லை உள்ளே வைத்து மூடினால் போதும். சூட்டை ஏற்றும், இறக்கும், வழியெல்லாம் படம் எடுக்கும். கடைசியில் போன வழியை ஒரு கோடாகவும் வந்த வழியை ஒரு கோடாகவும் திரையில் போட்டுக் காட்டிவிடும்.

இவர் சும்மா விடுவாரா? முதலில் பூச்சே இல்லாத வெறும் சிலிக்கான் சில்லை வைத்து மெஷினுக்கு வெள்ளோட்டம் பார்த்தார். அநாவசியமாகத் தங்கத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்ற சிக்கனம். போன கோடும் வந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக விழுந்தன. திருப்தி.

பிறகு மச்சினன் பூசின சில்லை வைத்தார். போகும்போது கோடு கொஞ்ச தூரம் நேராகப் போனது. நூறு டிகிரியைத் தாண்டியதும் தடம் மாறியது. திரும்பும்போது வேறு வழியாகவே வந்து, புறப்பட்ட இடத்தைவிட நன்றாக மேலே போய் நின்றது. நாக்கு தலையைத் தூக்கிக்கொண்டுவிட்டது. சில்லுகள் அடுக்கியிருந்த அதே தட்டிலிருந்து இன்னும் சிலவற்றை எடுத்து வைத்தார். ஒன்றுவிடாமல் எல்லாம் அதே கதை.

அன்றைய கூட்டத்தில் இதைப் போட்டுக் காட்டினார். கூட்டத்துக்கு முன்னால் மச்சினனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூச்சு அறை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. உறவு வேறு, வேலை வேறு என்று சொல்லவில்லை.

கூடத்தின் தலைவி, மேடம் என்றால் அங்கே அவர் ஒருவர்தான், திரையைப் பார்த்துவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினார்.

"பூச்சுல எதையாவது மாத்தினீங்களா?"

"இல்ல மேடம். அதே தங்கம், அதே அறை, அதே கை." பிறகு இவர் பக்கம் பார்த்து, "மாமா, புதுசா வந்தது உங்க மெஷின்தானே?" என்றான்.

மாமா என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இவருக்குச் சுருக்கென்றது.

"மெஷினை வெறும் சிலிக்கான் வெச்சு வெள்ளோட்டம் பாத்தாச்சு. அது நேரா போய் நேரா வருது. கோணல் பூச்சுலதான் இருக்கு" என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "செய்யற வேலைல கவனம் வேணும்" என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம் திரையில் எந்தக் கோட்டிலும் இல்லை. அவருக்கே அது தெரியும்.

மச்சினன் முகம் சுண்டிப் போனது. "சரி சார்" என்றான்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து 'சார்'தான். சாயங்காலம் கீழே இறங்கி வருவதும் நின்றது. அக்கா வழக்கம் போல மூன்றாவது தட்டையும் மேஜையில் வைப்பாள், சாப்பாடு முடிந்ததும் அதைக் கழுவாமலேயே அலமாரியில் எடுத்து வைப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இவருக்கு இருக்கும். சில நாளில் மாடிப்படியில் அட்டைப்பெட்டிகள் முளைத்தன. வேறு ஊரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறதாம். பூச்சு வேலைகூட இல்லை, ஏதோ சாமான்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. இங்கே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பூச்சு அறையை வேறு ஆளிடம் கொடுக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முன்னால் தானே போய்விடலாம் என்பது அவன் எண்ணம்.

"அவனா போறான். நான் போகச் சொல்லலையே" என்றார் இவர், யாரும் கேட்காமலேயே.

வியாழக்கிழமை மேடம் கூப்பிட்டு, மறுநாள் கூட்டத்தில் காட்டுவதற்கு ஒரு நாக்கு தலைதூக்குவதைப் பெரிசாக, தெளிவாகப் படமெடுத்துத் தரச் சொன்னார். படத்துக்காக ஒரு புதுச் சில்லைப் பலி கொடுக்க இவருக்கு மனசு வரவில்லை. எச்சில் டப்பாவைத் திறந்தார்.

இந்த எச்சில் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை சூடு பட்ட சில்லுக்கு அங்கே எச்சில் என்று பெயர். அதை யாரும் மறுபடி அளக்க மாட்டார்கள். சூடு படாத சில்லைப் பற்றி அது உண்மை சொல்லாது என்பது அந்தக் கூடத்தில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் சாட்சாத் இவர்தான். எச்சிலை அளந்த பயிற்சிப் பையன்களை வெளுத்து வாங்கியிருக்கிறார். ஆனால் இது அளவுக்கு இல்லையே, படத்துக்குத்தானே? ஏற்கெனவே தடம் மாறின சில்லு ஒன்றை எடுத்து மெஷினில் வைத்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வந்து பார்த்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. போன கோடும் வந்த கோடும் ஒன்றாக இருந்தன. நூறைத் தாண்டினபோதும் தடம் மாறவில்லை. நல்ல பிள்ளையாகப் போய் நல்ல பிள்ளையாகத் திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

சில்லு மாறிவிட்டதோ என்று எண்ணைப் பார்த்தார். மாறவில்லை. மறுபடி வைத்தார். மறுபடியும் அதே ஒழுக்கம். டப்பாவிலிருந்து இன்னொரு எச்சில். அதுவும் அப்படியே. இப்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டு புதுச் சில்லு ஒன்றை வைத்தார். தடம் மாறியது, தலைதூக்கியது. அதை வெளியே எடுக்காமலேயே இரண்டாவது தடவை ஓட்டினார். அசையாமல் தன் புது வழியிலேயே போய் வந்தது.

முதல் சூட்டில் மட்டும்தான் கோணல். ஒரு தடவை பட்டுவிட்டால், அந்தச் சூட்டைத் தாண்டாதவரை, பிறகு எத்தனை தடவை சுட்டாலும் மாறுவதில்லை.

அப்படியானால் ஆறு வருஷமாக இது ஏன் தன் கண்ணில் படவே இல்லை? நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூலையில் பழைய அடுப்பு துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவருடைய கைகளுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. சில்லை வைப்பார். கோடுகள் மங்காமல் நிற்கின்றனவா, அடுப்பு ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக உச்சி வரை ஒரு தடவை சூட்டை ஏற்றுவார். ஆற விடுவார். டீ குடித்துவிட்டு வருவார். பிறகுதான் பேனாவைத் திறந்து முதல் அளவை எழுதுவார்.

வெள்ளோட்டம்!

அளக்கப் போகிற அதே சில்லின் மேல். அவர் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் தங்கம் தன் மாற்றத்தை எல்லாம் முடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் அவர் அளந்ததெல்லாம், அடுத்தவர் தொட்டால் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாரே, அதே எச்சிலைத்தான். புது மெஷினுக்கு வெள்ளோட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. முதல் சூட்டிலிருந்தே படம் எடுத்துவிட்டது. பூச்சு மாறவே இல்லை. அதே தங்கம், அதே அறை, அதே கை.

மச்சினன் முகம் சுண்டின அந்த நொடி திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்னொன்றும் மெல்ல உறைத்தது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சில்லைத்தான் இவர் சுட்டு அளப்பார். மற்றவை சூடே படாமல் கம்பெனிகளுக்குப் போகும். அவர்கள் ஒட்டும்போதுதான் முதல் சூடு. சில சுவிட்சுகள் தொடவில்லை என்று அவ்வப்போது புகார் வந்தபோதெல்லாம், உங்கள் கை சரியில்லை என்று இவர் அறிக்கையைக் காட்டித்தான் பதில் போனது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி மேஜை மேல் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். சீருடை தைக்கும் கடை ஒன்றில் அவளுக்கு வெட்டுகிற வேலை, மிச்சத்தை வீட்டுக்கும் கொண்டுவருவாள். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"நீ துணியை வெட்டறதுக்கு முன்னாடி நனைச்சுக் காயப் போடுவே இல்ல?"

"போடாம? முதல் தண்ணி பட்டா சுருங்கும். அப்புறம் சட்டை யாருக்கும் பத்தாது."

"தங்கமும் அப்படித்தான். பூசும்போது பொடிப்பொடியா அவசரத்துல வந்து ஒட்டிக்குது. நடுவுல இண்டு இடுக்கு எல்லாம் இருக்கும். முதல் சூட்டுல பொடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி, இடுக்கை அடைச்சுக்கிட்டு உக்காருது. அதனால சுருங்கப் பாக்குது. கீழ இருக்கற சிலிக்கான் விடாது. அந்த இழுப்புலதான் நாக்கு மேல தூக்குது. அது தங்கத்தோட குணம்."

"அப்ப தங்கத்து மேல தப்பு இல்ல."

"இல்ல."

"என் தம்பி மேலயும் இல்ல."

"இல்ல."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "அப்ப யார் மேல?"

இவர் செருப்பைக் கழற்றினார். பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். பழைய அடுப்பு, டீ, எச்சில், கம்பெனிகளுக்குப் போன பதில்கள். கடைசியில் இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வரும் வழியெல்லாம் மனசில் ஊறிக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டார்.

"ஒரு வழி இருக்கு. புது மெஷின்ல ஒரே ஒரு வரி சேர்த்தா போதும். முதல்ல சும்மா ஒரு தடவை சுட்டு ஆற வைக்கும், அப்புறம் அளக்கும். கோடு நேரா வந்துடும். அவன் பூச்சைச் சரி பண்ணிட்டான்னு சொல்லிடலாம். அவனுக்கும் வேலை போகாது, எனக்கும்..."

"சரி பண்ணிட்டான்னா, முன்னாடி கெடுத்திருந்தான்னுதானே அர்த்தம்?" என்றாள் அவள். "செய்யாத தப்பைத் திருத்திக்கிட்டவன்னு அவனுக்குப் பேர் வாங்கிக் குடுக்கப் போறீங்க. அதுக்கு அவன் அந்த ஊருக்கே போய்த் தொலையட்டும்."

அவள் குரல் உடைந்தது. இத்தனை நாள் கேட்காததெல்லாம் அந்த ஒரு உடைசலில் இருந்தது. மாடியில் பெட்டிக்கு நாடா ஒட்டுகிற சரசரப்பு கேட்டது. இருவரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பூசி மெழுகுவதற்கு வந்த ஆசை அத்தோடு அவரை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ராத்திரி சாப்பிடும்போதும் அந்த ஒரு வரி மனசில் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யாரும் தொடாத மூன்றாவது தட்டும் எதிரிலேயே இருந்தது.

காலையில் குளியலறையிலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. "மேடம், நான் ஒரு விஷயம் சொல்லணும். ஆறு வருஷமா என் அளவுகள்ல..." நின்றது. மறுபடி, "மேடம், பூச்சுல தப்பே இல்ல. தப்பு என் அளக்கற முறைல."

"ரெண்டாவதுதான் நல்லா இருக்கு" என்று மனைவி வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். "தப்பை முதல்லயே சொல்லிடுங்க. சுத்தி வளைக்காதீங்க."

மேடத்திடம் சுற்றி வளைக்காமல்தான் சொன்னார். ஒத்திகை வீண்போகவில்லை, நாக்குக் குழறாமல் வந்தது. எச்சில் சில்லுகளின் கோடுகளையும் புதுச் சில்லின் இரண்டு ஓட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மேடம் திரையில் ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தார்.

"சூடு படாம வெளில போன சில்லு எவ்வளவு?"

"தட்டுக்கு ஒண்ணா நான் அளந்ததைத் தவிர எல்லாமே, மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டவில்லை. "புகார் அனுப்பின ஒவ்வொரு கம்பெனிக்கும் நீங்களே எழுதுங்க. உங்க பேர்ல. கொஞ்ச நாளைக்கு உங்க அளவை இன்னொருத்தர் சரிபார்த்துத்தான் வெளில போகும்."

"சரி மேடம்."

"இனிமே என்ன பண்ணலாம்?"

அதற்கும் பதில் தயாராக இருந்தது. பூசின உடனே எல்லாச் சில்லுகளையும், கம்பெனிக்காரர்கள் காட்டப் போகிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தடவை சுட்டு ஆற வைத்துவிட வேண்டும். சுருங்க வேண்டியது இங்கேயே சுருங்கிவிடும். எவ்வளவு தலைதூக்குகிறது என்பதுதான் இப்போது தெரிந்துவிட்டதே, அந்த அளவுக்கு நாக்கைத் தாழ்த்தியே வடிவமைத்துக்கொள்ளலாம். மேடம் தலையாட்டினார். நிறைய நேரம் சூட்டிலேயே வைத்திருந்தால் மெல்ல மெல்ல மறுபடி நகருமா என்று கேட்டார். நகரலாம், அதையும் பார்க்க வேண்டும் என்றார் இவர்.

கதவு வரை போனவரை மேடம் கூப்பிட்டார். "உங்க மச்சினன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம். நான்தான் சொல்லணும்."

வராந்தாவில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மேடத்துக்குச் சொல்ல வேண்டியதை அவ்வளவு தடவை சொல்லிப் பார்த்தவர், இவனிடம் என்ன சொல்வது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. கால் தானாகக் கழிவறைப் பக்கம் திரும்பியது. அங்கே கண்ணாடி இருக்கிறது. ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அதற்குள் பூச்சு அறையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஓர் உருவம் நிமிர்ந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண் மட்டும் வெளியே. அறையை ஒப்படைப்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. கண்கள் இவரைப் பார்த்துவிட்டன. இனி கழிவறைக்குப் போனால் ஓடி ஒளிகிற மாதிரி ஆகிவிடும்.

முன்னறைக்குள் போய் அங்கே மாட்டியிருந்த வெள்ளை உடுப்பில் ஒன்றை எடுத்துக் காலை நுழைத்து, முகமூடியும் மாட்டினார். பதற்றத்தில் தலையுறை முன்பின் மாறி ஒரு கண்ணை மறைத்தது. உள்கதவு திறந்தது. மச்சினன் துணியும் கையுமாக வந்து நின்றான்.

"சொல்லுங்க சார்."

"மாப்ள, அது வந்து... தங்கம்... உன் தங்கம் சரியாத்தான் இருக்கு. நான் பழைய அடுப்புல ஒரு தடவை சும்மா சுடுவேன் இல்ல, அளக்கறதுக்கு முன்னாடி, அதுல... எல்லாம் முடிஞ்சு போயிடுது. நான் எச்சிலைத்தான் அளந்திருக்கேன். ஆறு வருஷமா. நீ எதையும் மாத்தல. மேடத்துகிட்டச் சொல்லிட்டேன். கூட்டத்துலயும் சொல்வேன்."

துணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

இத்தோடு நிறுத்தினால் மரியாதையாக வெளியே போய்விடலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "அன்னிக்கு, கவனம் வேணும்னு சொன்னேன் பாரு. அது படத்துல இல்ல. அவங்க சிரிச்சாங்க. நீ மாமான்னதும் சிரிச்சாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உன்னால எனக்குக் கேவலம்னு... இல்ல, அப்படி இல்ல... அப்படித்தான். அப்படித்தான் நினைச்சேன். நீ நல்லாப் பூசறே. உன்னை மாதிரிப் பூச இங்க ஆள் இல்ல. ஒரு நாளும் சொன்னதில்ல. உங்க அக்கா தினமும் தட்டு வெக்கறா. என்னால அதைப் பாக்க முடியல." கண் நிறைந்து தலையுறை நனைந்தது. துடைக்கப் போன கை முகமூடியில் இடித்தது. அவமானமாக இருந்தது.

மச்சினன் கையிலிருந்த துணியை ஓரமாக வைத்தான்.

"இதை வீட்டுல சொல்லிப் பாக்கலையா?"

"இல்ல."

"கண்ணாடி முன்னாடி?"

"போகத்தான் கிளம்பினேன். அதுக்குள்ள நீ பாத்துட்டே."

"அதான் இப்படிக் கன்னாபின்னான்னு இருக்கு." அவன் குரலும் சரியாக இல்லை. "எனக்குக் கோபம் இன்னும் போகல. பெட்டியெல்லாம் வேற கட்டியாச்சு."

"கோபம் இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்கறதுக்கு நான் வரேன்."

அவன் கிட்டே வந்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டிருந்த தலையுறையைப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டான். கையை உடனே எடுக்கவில்லை.

"அக்காவுக்கே ரெண்டாவது தடவைதான் கிடைச்சுது, மாமா" என்றான்.